கறியை அலசிச் சாப்பிட்டவர்

காவல் நிலையத்துச் சரித்திரப் பதிவேட்டில் அவரைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறது: "பெயர் தேசப்பன், வயது 38, வலைமேட்டுக்குப்பம். ஒல்லியான உடல்வாகு. வேகமாக ஓடக்கூடியவர். கத்தி, கட்டை முதலிய ஆயுதங்களைக் கையாளுவதில் தேர்ந்தவர். இவர் பெயரைக் கேட்டாலே பொதுமக்கள் அஞ்சுவர்."

இது எழுதப்பட்ட அன்று தேசப்பனின் எடை தொண்ணூற்றாறு கிலோ. ஷேர் ஆட்டோவில் அவர் கால் வைத்தால் ஓட்டுநர் இரண்டு ஆள் இடத்தை மனசுக்குள் கழித்துவிடுவார். ஆயுதம் என்று அவர் வாழ்க்கையில் கையாண்டது ஐஸ் பாரை இழுக்கும் கொக்கி மட்டுமே. பெயரைக் கேட்டு அஞ்சிய பொதுமக்கள் ஒருவர் உண்டு. கடற்கரையில் இட்லி விற்கும் அம்மா. தேசப்பன் வந்து உட்கார்ந்தால் சட்னி தீர்ந்துவிடும் என்ற அச்சம்.

பதிவேட்டில் பிழை என்றும் சொல்வதற்கில்லை. 2016ஆம் வருடத்துக் கலவரத்தில் வலைமேட்டிலிருந்து முப்பத்தொரு பேர் மேல் வழக்கு. முப்பத்தொரு பேருக்கும் ஒரே உடல்வாகுதான் எழுதப்பட்டது. அதில் ஒருவருக்குச் சிறு வயதிலேயே ஒரு கால் கிடையாது. அவரும் வேகமாக ஓடக்கூடியவர்.

கலவரத்துக்குக் காரணம் கல். திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவே, கடலுக்குள் நீளமாகக் கருங்கல் கொட்டிக் கட்டிய சுவருக்கு அரசாங்கத்தில் தூண்டில் வளைவு என்று பெயர். அந்தத் தூண்டிலில் மாட்டியது இரண்டு குப்பங்கள். வளைவுக்குத் தெற்கே இருந்த வலைமேட்டில் மணல் சேர்ந்தது. வடக்கே இருந்த சங்குக்குப்பத்தில் கடல் ஏறியது. மூன்று வருடத்தில் இவர்களுக்குப் படகு நிறுத்த இடம் கிடைத்தது, அவர்களுக்கு இரண்டு தெரு போனது. பொன்ராஜ் என்பவரின் அம்மா வீடு ஒரு புதன்கிழமை சமையலறையோடு கடலில் இறங்கியது. அடுத்த திங்கட்கிழமை சங்குக்குப்பத்தார் கடப்பாரையோடு கல்லைப் பெயர்க்க வந்தார்கள். வலைமேட்டார் துடுப்போடு நின்றார்கள்.

கால் மணி நேரத்தில் கல்லெல்லாம் ரத்தம். ஒருவனுடைய தாடை கழன்று தொங்கியது. ஒருவனை நாலு பேர் தூக்கிக் கல் இடுக்கில் போட்டு மேலே மிதித்தார்கள். பெண்கள் மணலை அள்ளிக் கண்ணில் எறிந்தார்கள். யார் கண் என்று பார்க்க நேரமில்லை. இந்த நடுவில் தேசப்பன் இட்லிக்கடை ஓரம், கையில் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். நாலாவது இட்லி. எல்லோரும் ஓடினார்கள், அவர் ஓடவில்லை. வீரம் என்று நினைக்க வேண்டாம், தட்டை எங்கே வைப்பது என்று யோசித்திருக்கிறார். பொன்ராஜுக்கு அவர் மேல் தனி விரோதம் கிடையாது. ஓடாத ஆள் ஒருவர் எதிரே நின்றார், அகலமாகவும் நின்றார். மீன் அறுக்கும் கத்தி அவர் வயிற்றில் பிடிவரைக்கும் இறங்கியது.

அறுவை சிகிச்சை செய்த டாக்டர் பின்னால் கோர்ட்டில் சாட்சி சொன்னார். கத்தி சாய்வாகப் போய்க் கொழுப்பிலேயே நின்றுவிட்டது, குடலைத் தொடவில்லை, ஒல்லியான ஆளாக இருந்திருந்தால் குத்துப்பட்ட இடத்திலேயே உயிர் போயிருக்கும் என்றார். அதே கோர்ட்டில், அதே நாள், அடுத்த வழக்கில், தேசப்பன் ஒல்லியான உடல்வாகு கொண்ட குற்றவாளி என்று வாசிக்கப்பட்டது. குத்துப்பட்ட வழக்கில் குண்டு, குற்றம் செய்த வழக்கில் ஒல்லி. இரண்டையும் நீதிமன்றம் ஆட்சேபமின்றிப் பதிந்துகொண்டது.

பொன்ராஜுக்கு ஏழு வருடம் கிடைத்தது. போலீஸ் வேனில் ஏறும்போது அவர் கூட்டத்தில் தேசப்பனைத் தேடிப் பிடித்துச் சிரித்தார்.

"தொப்பயாண்ட கத்தி நின்னுபூட்சாம்ல? பரவால்ல நைனா. ஏயு வருசம் கயிச்சி வரேன். அடுத்த தபா நீட்டு கத்தியா எட்தாறேன்."

அன்றிலிருந்து அந்தத் தொப்பை குப்பத்தின் பொதுச்சொத்து. கடலுக்குப் போகிறவர்கள் அதைத் தட்டிவிட்டுப் போனார்கள். தேசப்பனால் இனிப் பாரம் தூக்க முடியாது என்பதால், காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் மிஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, சுவிட்சைப் போட்டு நிறுத்தும் வேலை கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஒரு விரல் வேலை. காலையில் பூரியும் வடகறியும், நடுவில் சர்க்கரை தூக்கலாக ஆறு டீ, சாயங்காலம் காலடிப்பேட்டை முனையில் தள்ளுவண்டி அத்தோ நூடுல்ஸும் மசாலா முட்டையும். ராத்திரி வீட்டில் கோவிந்தம்மா.

கோவிந்தம்மா அவர் மனைவி. மற்றப் பெண்கள் புருஷனுக்கு ஆயுள் நீடிக்க விரதம் இருப்பார்கள். இந்த அம்மா புருஷனுக்கு ஊட்டினார்.

"துன்னுய்யா. இன்னொரு கரண்டி துன்னு. அவன் வெளிய வர்றதுக்குள்ள இன்னும் ரெண்டு இஞ்சி ஏறணும்."

"போதும்மே. மூச்சு வாங்குது."

"மூச்சு வாங்குனா கீயே வெச்சிட்டு வாங்கு. கத்தி வாங்குனா அப்பால மூச்சே கெடியாது."

பொன்ராஜ் வெளியே வர மூன்று மாதம் இருக்கையில், தேசப்பன் தூண்டில் வளைவின் கல்லில் ஏறும்போது நெஞ்சில் யாரோ ஐஸ் பாரை வைத்தது போல் இருந்தது. உட்கார்ந்துவிட்டார். சட்டை நனைந்தது. நகர்ப்புற சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே டாக்டர் மகிமா. தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம், வண்ணாரப்பேட்டையில் அப்பாவுக்குப் பாத்திரக்கடை. முப்பது வயது, சிரிக்காத முகம். இதயப் படம் எடுத்தார், ரத்தம் எடுத்தார், டேப் வைத்து இடுப்பைச் சுற்றினார். டேப் பத்தாமல் இன்னொரு தடவை சேர்த்துப் பிடித்தார்.

"எடை நூத்தி நாலு. இடுப்பு நூத்திப் பதினாறு சென்டிமீட்டர். கெட்ட கொழுப்பு நூத்தி எழுபத்தெட்டு. நல்ல கொழுப்பு முப்பத்தி நாலு."

"நல்லது எத்தினி இர்க்கணும் டாக்டரம்மா?"

"நாப்பதுக்கு மேல."

"எங்க ஏரியாவுலயே நல்லது கம்மி தான்."

டாக்டர் சிரிக்கவில்லை. தொப்பையைக் குறைக்க வேண்டும் என்றார். தேசப்பன் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினார். கோர்ட் சாட்சியம் முழுவதையும் சொன்னார். இதுதான் தனக்கு உயிர் கொடுத்தது, இதை எப்படிக் குறைப்பது என்று கேட்டார். வாதம் நியாயமானதுதான். அதற்கு மகிமா சொன்ன பதில் அதைவிட நியாயமானது.

"கத்தியத் தடுத்தது தோலுக்குக் கீழ இருக்குற கொழுப்பு. ஆபத்து அது இல்ல. உள்ள, குடலைச் சுத்திக் கிடக்கு பாருங்க, அது. அது எந்தக் கத்தியையும் தடுக்காது. அதுதான் இப்ப உங்க நெஞ்சுல வந்து உக்காந்துச்சு. உங்களக் குத்துறவரு வரட்டும், வராமப் போகட்டும். நீங்க அதுவரைக்கும் இருக்கணும்ல?"

மூன்று மாதம் கெடு. குறையவில்லை என்றால் மாத்திரை. தினம் நாற்பது நிமிடம் நடை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். வாரம் இரண்டு நாள் சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. குனிந்து நிமிர்ந்தால் தொப்பை மட்டும் தனியாகக் கரையும் என்று யார் சொன்னாலும் நம்பக் கூடாது. எங்கிருந்து எடுப்பது என்று உடம்புதான் முடிவு செய்யும். சோறு பாதி. கேழ்வரகுக் கூழ், சுண்டல், கீரை. மீன் தாராளமாக, குழம்பில் மட்டும், வறுவல் கூடாது. எண்ணெய் மிதக்கிற எதையும் தொடக் கூடாது.

கடைசி விதியைத் தேசப்பன் தம் போக்கில் புரிந்துகொண்டார். எண்ணெய் மிதந்தால்தானே தொடக் கூடாது? கோவிந்தம்மா வைத்த குழம்பிலிருந்து கானாங்கெளுத்தி மீன் துண்டை எடுத்து, தண்ணீர் டம்ளரில் முக்கி, இரண்டு தடவை அலசி, உதறிவிட்டு வாயில் போட்டார். முதல் நாள் கோவிந்தம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டாம் நாள் கரண்டி பறந்தது. நெற்றியில் பட்டு வீங்கியது.

"இன்னாய்யா, ஏங் கையி இன்னா கலீஜா? நான் ஆக்குனத கய்வி துன்ற?"

"எண்ணெய்யத்தாம்மே கய்வுறேன். ஒன்ன இல்ல."

"துன்ற சோத்த கய்வுறவன் ஒறவ கய்வுறான்னு எங்க ஆயா சொல்லும். பொணத்தத்தான் கய்வி எட்துனு போவாங்க."

பிறகு பழகிவிட்டது. ஆனால் அவர் தட்டுக்குப் பக்கத்தில் அந்த டம்ளரைப் பார்க்கும்போதெல்லாம் கோவிந்தம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். அலசுவது தேசப்பனுக்குக் கை வழக்கமாகிவிட்டது. எதிரே யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமலே விரல் டம்ளருக்குப் போகும்.

நடப்பதற்கு இடம் இல்லை என்பது வடசென்னையில் பூகோளம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வால் பிடித்து நிற்கும். ஓரமாக நடக்கிறவனை அவை கணக்கில் எடுப்பதில்லை. மிச்சம் கடலோரப் பாதை. அதில் வலைமேடு எட்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அங்கே திரும்பினால் பதினாறு நிமிடம்தான். டாக்டர் சொன்னது நாற்பது. ஆகவே தேசப்பன் தூண்டில் வளைவைத் தாண்டி வடக்கே, எட்டு வருடமாக வலைமேட்டார் கால் வைக்காத சங்குக்குப்பத்துக்குள் நடந்தார். பொன்ராஜின் வீடு கடலுக்குள் போய்விட்டது என்பதால் பயப்பட ஒன்றுமில்லை என்று நினைத்தார். இரண்டு கையிலும் மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டில், பாரத்துக்கு. சட்டைப் பையில் நடையைக் கணக்கிடும் செல்போன். இருபதாவது நிமிடம் அது கூவும். உடனே ஒரு நீல நிற வீட்டின் எதிரே நின்று, கடிகாரத்தைப் பார்த்து, மூச்சு விட்டு, திரும்பிவிடுவார்.

பொன்ராஜின் குடும்பம் கடலுக்குப் போகவில்லை, வீடுதான் போனது. குடும்பம் உள்ளே தள்ளி ஒரு நீல நிற வீட்டுக்கு வந்திருந்தது.

அந்த வீட்டிலிருந்து பார்த்தால் காட்சி வேறு. அண்ணன் விடுதலையாக மூன்று மாதம்கூட இல்லை. குத்துப்பட்டவன் தினமும் சரியாக ஆறு இருபதுக்கு வருகிறான். இரண்டு கையிலும் கனமாக எதையோ வைத்திருக்கிறான். வாசலில் நின்று மணி பார்க்கிறான். வாய்க்குள் எதையோ எண்ணுகிறான். பேசாமல் போகிறான். பொன்ராஜின் தம்பி ஜெயவேல் பதினெட்டு நாள் பொறுத்தார். அது அந்தப் பகுதியில் சாதனை.

பத்தொன்பதாம் நாள் ஜெயவேல் வாசலில் நின்றார். பின்னால் ஆறு பேர்.

"இன்னா மாமு, தெனிக்கும் எங்க வூட்டாண்ட வந்து வாட்ச பாக்குற? அண்ணன் எப்ப வருதுன்னு நாள் குறிக்கிறியா?"

"ஒங்க வூடா இது? சத்தியமா தெரியாதுபா. டாக்டரு நடக்க சொன்னாங்க. கொலஸ்ட்ராலு."

"எங்கப்பாக்கும்தான் கொலஸ்ட்ராலு கீது. அவரு இன்னா ஒன் வூட்டாண்ட வந்து நின்னு மணி பாக்குறாரா?"

பதில் சொல்ல அவர்கள் நேரம் கொடுக்கவில்லை. முதல் துடுப்பு தோளில் விழுந்தது. இரண்டாவது வாயில், முன்பல் ஒன்று மணலில் போய் நின்றது. விழுந்தவரின் இடது கையை ஒருவன் கல்லில் வைத்துக் குதிகாலால் மிதித்தான்; இரண்டு விரல் முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. புருவம் கிழிந்து ஒரு கண் மூடியது. பாட்டிலைப் பிடுங்கி, உள்ளே இருப்பது வெறும் மணல் என்று பார்த்ததும் அவர்கள் கோபம் இன்னும் கூடியது, ஏமாற்றப்பட்டவர்களின் கோபம். அந்தப் பாட்டிலாலேயே விலாவில் அடித்தார்கள். செல்போன் பையில் இருந்தபடி உதை வாங்கி, ஒவ்வொன்றையும் நடையாகச் சேர்த்துக்கொண்டது. அந்த மாதத்திலேயே தேசப்பன் அதிகம் நடந்ததாக அது காட்டியது அன்றைக்குத்தான்.

பதிலுக்கு வலைமேட்டார் சும்மா இருக்கவில்லை. மறுநாள் மத்தியானம் ஜெயவேலின் ஃபைபர் படகை இழுத்துக் கருங்கல்லில் மோதிப் பிளந்தார்கள். தடுக்க வந்த ஒருவனுடைய முழங்காலைக் கடப்பாரையால் பேர்த்தார்கள். போலீஸ் வந்து முதல் குற்றவாளியாகத் தேசப்பனைச் சேர்த்தது. அவர் அப்போது அரசு மருத்துவமனை வார்டில், புருவத்தில் ஏழு தையலோடு, கட்டிலைப் பிடித்து உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார். வாரம் இரண்டு நாள் என்று டாக்டர் சொல்லியிருந்தாரே.

அடுத்த ஒன்பது வாரம் வளைவுக்கு இந்தப் பக்கமே, எட்டு நிமிடப் பாதையிலேயே, போவதும் வருவதுமாக ஐந்து தடவை நடந்தார். செக்கு மாடு என்று கேலி செய்தார்கள். எடை தொண்ணூற்றைந்துக்கு வந்தது. இடுப்பில் பத்து சென்டிமீட்டர் போனது. லுங்கி நிற்காமல் பெல்ட் போட்டார். பன்னிரண்டாம் வாரம் கடைசி ரத்தப் பரிசோதனை. அதற்கு முதல் நாள் சமாதானம்.

இரண்டு குப்பத்துப் பெரியவர்களும் பேசி முடித்திருந்தார்கள். இங்கே சமாதானம் என்பது கை நனைப்பது. கையெழுத்தெல்லாம் போலீசுக்கு. ரத்தம் சிந்தினவனும் சிந்த வைத்தவனும் ஒரே தட்டின் முன் உட்கார்ந்து, முதல் கறித்துண்டை எடுத்துத் தின்ன வேண்டும். தின்றுவிட்டால் அந்தப் பகை அத்தோடு சரி. அதற்கு மேல் தொட்டவனை இரண்டு ஊரும் சேர்ந்து உதைக்கும். தின்னாவிட்டால் அன்றிலிருந்து யார் யாரை எது செய்தாலும் கேள்வி கிடையாது. பொன்ராஜ் விடுதலையாகி நாலு நாள் ஆகியிருந்தது. அன்றைய மத்தியானச் சோற்றில்தான் தேசப்பனின் உயிர் இருந்தது. அது எல்லோருக்கும் தெரியும்.

கோவிந்தம்மாவுக்குச் சமாதானத்தில் நம்பிக்கை இல்லை. புறப்படுமுன் புருஷனின் வயிற்றைப் பார்த்தார். மெலிந்து தொங்கிய தோல், அதன் மடிப்பில் பழைய தழும்பு.

"இத்த வெச்சிக்கினு அவன் முன்னாடி போயி குந்தப் போறியா? பொறத்தால வரைக்கும் போவும்யா. டாக்டரம்மாவா வந்து குறுக்க நிப்பாங்க?"

மூலையில் கிடந்த பழைய நைலான் வலையை எடுத்து, அவரைக் கேட்காமலே அவர் வயிற்றில் சுற்றினார். பன்னிரண்டு சுற்று. முடிச்சின் மேல் முடிச்சு விழ, அதன் மேல் சட்டையைப் போட்டுவிட்டார். கண்ணாடியில் பழைய தேசப்பன் தெரிந்தார். பன்னிரண்டு வாரம் கரைத்த தொப்பை பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டது.

வளைவுக்குப் பக்கத்து மணலில், வெயிலில், ஷாமியானா போட்டு நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பொன்ராஜ் வந்து எதிரே அமர்ந்தார். ஏழு வருடத்தில் ஆறு வருடம் சிறை பேக்கரியில் பன் சுட்டவர். வேலையில் ருசி பார்ப்பதும் அடக்கம். போகும்போது கயிறு போல் இருந்த மனிதர் இப்போது உட்காரும்போது வயிற்றை முதலில் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். தேசப்பனின் வயிற்றைப் பார்த்தார்.

"அப்டியே கீதே நைனா. ஒண்ணும் கொறயில."

"ஒனக்கும் வந்துகீது போல."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. நல்ல ஆரம்பம். ஜெயவேல் ஒரு பெரிய தட்டில் நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் கொண்டுவந்து நடுவில் வைத்தார். எலும்போடு ஒட்டிய கொழுப்பு கண்ணாடி மாதிரி ஆடியது. எண்ணெய் ஓரத்தில் சிவப்பாக நின்றது. குடிக்க ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர்.

பொன்ராஜ் முதல் துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றார். எல்லோரும் தேசப்பனைப் பார்த்தார்கள்.

தேசப்பனுக்கு வேறெந்த எண்ணமும் இல்லை. தின்னத்தான் கை நீட்டினார். விடிந்தால் ரத்தம் எடுப்பார்கள் என்பது மனசின் ஓரத்தில் இருந்தது. ஒரு துண்டை எடுத்தார். கை, தான் மூன்று மாதமாகச் செய்து வந்ததைச் செய்தது. கறியை டம்ளருக்குள் முக்கியது. இரண்டு தடவை அலசியது. உதறியது.

தண்ணீரின் மேல் எண்ணெய் வட்டம் வட்டமாகப் படர்வதை நாற்பது பேரும் பார்த்தார்கள்.

"எங்கண்ணன் கையி பட்டத கய்வுறான்டா!" என்றார் ஜெயவேல். குரல் உடைந்திருந்தது, உண்மையாகவே மனம் புண்பட்டவரின் குரல்.

"ஐயோ, எண்ணெய்ப்பா, எண்ணெய்..."

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. பொன்ராஜ் வாயில் இருந்த கறியைத் தட்டிலேயே துப்பினார். முதுகுப் பக்கம் கை போய் வந்தது. சொன்ன சொல் தவறாதவர். கத்தி நீட்டாகவே இருந்தது. தட்டுக்கு மேலாகப் பாய்ந்து தேசப்பனின் வயிற்றில் குத்தினார்.

கத்தி வலையில் நின்றது. முடிச்சுகளுக்குள் நுனி சிக்கி, உள்ளே போகாமல், வெளியேயும் வராமல் முறுகியது. பொன்ராஜ் இரண்டு கையாலும் இழுத்தார். அவர் முகத்தில் கோபத்தைவிட ஆச்சரியம் அதிகமாக இருந்தது. அந்த ஒரு மூச்சு நேரம் கோவிந்தம்மா கொடுத்தது. அதற்குள் ஷாமியானாக் கம்பு சரிந்தது. பின்னால் யாரோ யாரையோ சோற்றுக் குண்டானில் தலைகீழாக அமுக்கினார்கள். கொதிக்கிற குழம்பு ஒருவன் முதுகில் கொட்டி அவன் கடலைப் பார்த்து ஓடினான். கரண்டி, துடுப்பு, கல். எட்டு வருடம் முன்னால் விட்ட இடத்திலிருந்து சண்டை தொடர்ந்தது.

கத்தி பிடுங்கிக்கொண்டு வந்தபோது தேசப்பன் அங்கே இல்லை. ஓடிக்கொண்டிருந்தார்.

வீடு தெற்கே இருக்கிறது. கால் போனது வடக்கே. நாற்பது நிமிட நடைக்கு முதலில் பழகிய பாதை அது. மூளையைக் கேட்காமல் கால் அதிலேயே ஏறிவிட்டது. மெலிந்த இடுப்பில் வலை நிற்கவில்லை. ஒரு பக்கம் அவிழ்ந்து இழுபட, பிய்த்து எறிந்துவிட்டு ஓடினார். பின்னால் பொன்ராஜ்.

"நில்லுடா! பேமானி, நில்லு!"

முதல் நூறு கெஜம் பொன்ராஜின் மூச்சு பிடரியில் பட்டது. ஒரு தடவை வீசிய கத்தி சட்டையைக் கிழித்து முதுகில் கோடு போட்டது. ரத்தம் பெல்ட்டில் இறங்கியது. இருநூறில் வசவு குறைந்தது. முந்நூறில் வசவு நின்று மூச்சு மட்டும் கேட்டது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது என்பது மகிமாவின் அளவு. பொன்ராஜ் அந்த அளவைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தார். பேக்கரியில் ஓடத் தேவை இருக்கவில்லை.

நீல நிற வீட்டின் எதிரே தேசப்பன் திரும்பினார். வேறு காரணம் எதுவும் இல்லை, அங்கேதான் எப்போதும் திரும்புவார். திரும்பியதும் பார்த்தார். முப்பது அடி தள்ளி, தன் வீட்டு வாசல் கண்ணுக்கெதிரே, பொன்ராஜ் மணலில் மண்டியிட்டிருந்தார். முகம் சாம்பல் நிறம். ஒரு கை நெஞ்சில். கத்தி பக்கத்தில் கிடந்தது. குப்பத்து ஆண்கள் எல்லோரும் சண்டையில் இருந்தார்கள். பெண்கள் ஆண்களைத் தேடிப் போயிருந்தார்கள். தெருவில் இவர்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

"வா... வந்து முடிச்சிடு" என்றார் பொன்ராஜ், மூச்சுக்கு நடுவே.

காவல் நிலையத்தில் அன்றைய பதிவு இது: "சமாதானக் கூட்டத்தில் கலவரத்தைத் தூண்டிய தேசப்பன், ஆயுதத்துடன் பொன்ராஜின் வீடு வரை சென்று, அவரைக் கொலை செய்யும் நோக்கத்துடன் தாக்க முயன்றார்." உடல்வாகு பற்றிய வரியை மாற்றவில்லை. வேகமாக ஓடக்கூடியவர் என்பதையும்தான். மாற்ற வேண்டிய தேவையும் முன்போல் இல்லை.

தேசப்பன் செய்தது இது: கத்தியை எடுத்துக் கடலில் எறிந்தார். நீல வீட்டு வாசலில் இருந்த குடத்திலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு, பாதியைத் தாம் குடித்து, மீதியைப் பொன்ராஜின் கையில் கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும் வரை நின்றார். பிறகு சொம்பை வாசலில் வைத்துவிட்டு, வீட்டுக்கு நடந்தார்.